இந்தியில் வந்த கடிதங்கள்

கார்கில் போர் நடந்த கோடையில் என் சித்தப்பாவிடமிருந்து வந்த கடிதங்களைப் படிக்க வல்லவர் எங்கள் வீட்டில் ஒருவரே இருந்தார். அவருக்கு வயது பத்து. கணக்கில் நலிந்தவர், முள்ளங்கி உண்ண மறுப்பவர், ஆயினும் அந்தச் சில மாதங்கள் வீட்டின் மூத்தவர்கள் அனைவரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தனர். அவர் நான்தான்.

சிகந்தராபாத்தை ஒட்டிய மெட்டுகுடாவில், ரயில்வே குடியிருப்பின் கீழ்த்தள வீடு எங்களுடையது. அப்பா ரயில்வேயின் கணக்கு அலுவலகத்தில் பணியாற்றினார். மற்றவர் கூட்டிய தொகையை மீண்டும் கூட்டிப் பார்ப்பது அவர் தொழில். ஒருவர் பயணப்படி கேட்டு எழுதினால், அவர் உண்மையில் அவ்வூருக்குச் சென்றாரா என்பதே அப்பாவுக்கு முதலில் தோன்றும். இப்பழக்கத்தை அவர் அலுவலகத்திலேயே விட்டுவிட்டு வருவதில்லை. காய்கறிக்காரரின் தராசும், பால்காரரின் அளவும், என் மதிப்பெண்களும் மாலையில் அவருடைய தணிக்கைக்கு உட்பட்டன. வேலூர்ப் பக்கத்திலிருந்து பணியின் பொருட்டு வந்து பல ஆண்டுகள் ஆகியும், இந்தி அவர் காதில் புகுந்தது, நாவில் ஒருவாறு தங்கியது, கண்ணுக்கு மட்டும் எட்டவேயில்லை. அம்மாவுக்கும் அவ்வாறே. நான்தான் உள்ளூர்ப் பள்ளியில் இந்தியைப் பாடமாகப் படித்தவள்.

சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. தரைப்படையின் பீரங்கிப் பிரிவில் இருந்தார். அதற்கு முந்தைய ஆண்டில்தான் அவருக்குத் திருமணம் நடந்திருந்தது. விடுமுறை முடிந்து அவர் வடக்கே திரும்பியபோது, குடும்பத்தோடு தங்க அங்கு இடமில்லாமையால் சித்தி எங்களோடு இருந்துகொண்டார். கணவரோடு சித்தி வாழ்ந்த காலம் ஒரு விடுமுறையின் அளவே. எஞ்சியவையெல்லாம் கடிதங்கள்தாம்.

போருக்கு முன்பு வந்த கடிதங்கள் தமிழில் இருந்தன. சித்தப்பாவின் எழுத்து உருண்டையானது. எறும்பு வரிசைபோலச் சாயாமல் செல்வது. எல்லோருக்குமாக ஒரு தாள் இருக்கும். அதனுள் இறுக மடித்த இன்னொரு சிறு தாள் சித்திக்கென்றே இருக்கும். சித்தி அதை எடுத்துக்கொண்டு, துணி துவைக்கப் போவதாகச் சொல்லி வீட்டின் பின்புறம் செல்வார். நெடுநேரம் கழித்துத் திரும்புவார். துணிகள் துவைபடாமலே திரும்பும். அம்மா ஒன்றும் கேட்பதில்லை.

அவ்வாண்டு மே மாத இறுதியில், தொலைக்காட்சியில் பனிமலைகளும் பீரங்கிகளும் தோன்றத் தொடங்கியபின், படைவீரர்க்குத் தரப்படும் நீல அஞ்சல்தாளில் ஒரு கடிதம் வந்தது. அனுப்புநர் முகவரியில் வழக்கம்போல் ஊர்ப் பெயர் இல்லை. படை எண்ணும், படை அஞ்சலகத்தின் எண்ணும் மட்டுமே இருந்தன. அப்பா ஓரத்தைக் கிழித்துப் பிரித்தார். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னை அழைத்தார்.

"பாப்பா, இங்க வா. இதுல இன்னா எழுதிக்கீது பாரு."

முழுக் கடிதமும் இந்தியில் இருந்தது. நான் எழுத்துக்கூட்டிப் படித்துப் பொருள் சொன்னேன். தாம் நலம், இனிமேல் கடிதங்கள் இந்தியில் வரும், எழுதித் தருபவர் உடனிருக்கும் நண்பர், காரணத்தைச் சித்தப்பாவே நேரில் வந்து சொல்வார், யாரும் கவலைப்பட வேண்டாம். சித்திக்கென்று மடித்த தாள் இல்லை. இறுதியில் சித்தப்பாவின் பெயர்கூட இந்தியிலேயே, அயலார் கையெழுத்தில் இருந்தது.

அதுவரை எங்கள் வீட்டில் கவலை ஓரளவோடு நின்றிருந்தது. கவலை வேண்டாம் என்ற வரியைப் படித்த பிறகுதான் அது முறையாகக் குடிபுகுந்தது.

"ஏன், அவன் கைக்கு இன்னா ஆச்சு?" என்று அப்பா கேட்டார். யாரையும் நோக்கிக் கேட்கவில்லை. ஆனால் சித்தி அடுக்களை வாயிலில் நின்றுகொண்டிருந்தார்.

எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஓர் அத்தை இருந்தார். உறவினர் அல்லர், அழைக்கும் முறையால் அத்தை. வெள்ளையர் காலத்திலேயே பட்டாளத்தோடு வந்து சிகந்தராபாத்தில் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம் அவருடையது. மகன் மாதாப்பூரில் கணினி நிறுவனமொன்றில் புதிதாகச் சேர்ந்திருந்தான். அவன் புறப்பட்டபின் அத்தைக்கு நாள் முழுவதும் ஓய்வு. கடிதச் செய்தி அவருக்கு எட்ட அரைமணிகூட ஆகவில்லை.

"ஹவ் தம்பி, நான் பாக்காத மிலிட்டரியா?" என்று அப்பாவிடம் தொடங்கினார். "எங்க மாமனாரோட அப்பாவே பட்டாளத்துக்காரருதான். லடாய் நடக்கிறப்ப உண்மைய வெளில விடமாட்டாங்க. ஆளே போய்ட்டாக்கூட லெட்டர் நிக்காது. வேற யாராச்சும் எழுதிப் போட்டுக்கிட்டே இருப்பாங்க. லடாய் முடிஞ்சப்புறம்தான் வீட்டுக்குச் சொல்வாங்க."

"அக்கா, வெளக்கு வெக்கிற நேரத்துல இன்னா பேச்சு இது?" என்று அம்மா வெகுண்டார்.

"அரே, நான் நம்ம புள்ளையச் சொல்லல. பொதுவாச் சொன்னேன். கைக்கு இவ்ளோ கோவம்?" 'ஏன்' என்பதை அத்தை ஊர் வழக்கப்படி 'கைக்கு' என்பார்.

பொதுவாகச் சொன்னது ஒரு வீட்டுக்குள் புகுந்தபின் பொதுவாக இருப்பதில்லை. அன்று முதல் எங்கள் வீட்டில் மூன்று கொள்கைகள் நிலவின. சித்தப்பாவின் வலக்கை போய்விட்டது, மருத்துவமனையில் படுத்தபடி பிறரை எழுதச் சொல்கிறார் என்பது அப்பாவின் கொள்கை. இதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆயினும் எல்லோரும் அறிவோம். சித்தப்பாவே இல்லை என்பது அத்தையின் பொதுக்கொள்கை. மேலதிகாரி ஏதோ சொல்லியிருப்பார், அவ்வளவுதான் என்பது அம்மாவுடையது. சித்திக்குத் தமக்கென ஒரு கொள்கையும் இல்லை. மூன்றையும் மாறி மாறி நம்பினார்.

இவற்றுக்கிடையில் நான் இருந்தேன். கடிதத்துக்கும் குடும்பத்துக்கும் நடுவே என் வாய் ஒன்றே வழியாக இருந்ததால் ஐயம் என் மேலும் படர்ந்தது. எங்கள் பாடநூல் கற்பித்த இந்தியில் மாடும் தோட்டமும் மகாத்மாவும் இருந்தனர். கடிதத்தில் வந்த பல சொற்கள் இல்லை. அடுத்த கடிதத்தில் 'தசல்லி' என்றொரு சொல் வந்தது. எனக்குப் பொருள் தெரியாமல் நின்றேன். நான் தயங்கிய இடமெல்லாம் மறைத்த இடமாகக் கொள்ளப்பட்டது.

சித்தி என்னைத் தனியே அழைத்துச் சென்றார்.

"அந்த எடத்துல ஏன் நிறுத்தின?"

"அந்த வார்த்த தெரியல சித்தி."

"தெரியலையா, சொல்ல வேணாம்னு உங்கப்பா சொன்னாரா?"

"நிஜமா தெரியல சித்தி."

சித்தி என் கண்களையே சிறிதுநேரம் பார்த்தார். பிறகு கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு அத்தை வீட்டுக்குச் சென்றார். அத்தை, திரைப்படச் சுவரொட்டிகளைப் படிக்கும் அளவுக்கு இந்தி அறிந்தவர். விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். 'தசல்லி' என்றால் ஆறுதல் என்பது அவரால்தான் தெரிந்தது. வீட்டார் ஆறுதலோடு இருக்க வேண்டும் என்று சித்தப்பா எழுதியிருந்தார்.

"பொண்ணு சரியாத்தான் படிக்குது," என்று சான்றளித்துவிட்டு, அத்தை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஆனா…"

அந்த 'ஆனா'வுக்குப்பின் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததை எடுத்துக்கொண்டு சித்தி வீடு திரும்பினார்.

அந்தக் கடிதத்தின் அடியில், கோடிட்டுப் பிரித்த சிறு இடத்தில், எழுதித் தந்தவர் தம் பங்குக்கு இரண்டு வரிகள் சேர்த்திருந்தார். கடிதங்களை நான் படிப்பதாக அப்பா எழுதியிருந்ததைச் சித்தப்பா அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். படிக்கும் பிட்டியாவுக்கு என்று தொடங்கியது அது. மகளே என்று அன்போடு அழைப்பது. "என் எழுத்து உனக்குப் புரிகிறதா? பள்ளியில் இதற்காக நிறைய அடி வாங்கியிருக்கிறேன்."

நான் சிரித்தேன். வேறு எவரும் சிரிக்கவில்லை.

"இவன் யாரு நடுவுல?" என்றார் அப்பா.

எனக்குப் பதில் எழுத ஆவலாக இருந்தது. எழுத்து புரிகிறது, ஆனால் எழுத்தின் மேல் வரும் சுழிகளை இன்னும் தெளிவாகப் போட வேண்டும் என்று எங்கள் இந்தி ஆசிரியை சொல்வதுபோல் சொல்ல நினைத்திருந்தேன். அம்மா இசையவில்லை. "முன்ன பின்ன தெரியாதவனுக்குப் பொட்டப்புள்ள லெட்டர் எழுதறதா? சித்தப்பாவ அவன் இன்னா பண்ணி வெச்சிருக்கானோ. ஒண்ணும் வேணாம்." எனவே எழுதவில்லை. அதற்கடுத்த கடிதத்திலும் அவர் கேட்டிருந்தார்: எந்த வகுப்பு படிக்கிறாய், உங்கள் ஊரில் மழை வந்துவிட்டதா என்று. அதற்கும் விடை செல்லவில்லை.

ஐயத்தை வளர்ப்பது எளிது. அதைத் தீர்க்க ஒரு முறை வேண்டும் என்று அப்பா கருதினார். அலுவலகத்தில் எதிர்த்தரப்பினருக்கு விளக்கம் கேட்டு மடல் அனுப்புவது போல, தம்பிக்கு ஒரு மடல் எழுதினார். யார் எழுதினாலும் சரி, அடியில் உன் கையால் தமிழில் கையொப்பம் இட்டு அனுப்பு என்றார். அதே உறையில் சித்தியும் ஒரு தாளைச் சேர்த்தார். தம் கணவர் ஒருவரால் மட்டுமே விடை சொல்லக்கூடிய கேள்வியொன்று அதில் இருந்தது. அது என்ன கேள்வி என்று அம்மா கேட்டதற்குச் சித்தியின் முகம் சிவந்தது. இன்றுவரை எனக்கும் தெரியாது.

விடை வரும்வரை சித்தி சரியாக உண்ணவில்லை. அஞ்சல்காரர் வரும் வேளையில் வெளிக்கதவைப் பிடித்தபடி நிற்பார். ஒவ்வொரு நாளும் அந்த முகத்தைக் கடந்து செல்ல மாட்டாமல், எங்களுக்குக் கடிதம் இல்லாத நாள்களில் அஞ்சல்காரர் எதிர்வரிசை வழியாகச் சுற்றிப் போகத் தலைப்பட்டார். அதனால் அவர் எதிர்வரிசையில் தோன்றும்போதே சித்தி உள்ளே வந்துவிடுவார்.

விடை வந்தது. இந்தியில்தான். சித்தியின் கேள்விக்கு நேரான பதில் இல்லை. "நீ கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வந்து சொல்கிறேன்," என்று மட்டும் இருந்தது.

"அவருக்கு நெனப்பு இருந்தா சொல்லியிருப்பாரு அக்கா," என்று சித்தி அம்மாவிடம் சொன்னார். குரலில் அழுகை இல்லை. அதுதான் அம்மாவை அச்சுறுத்தியது. "இத யாரு வேணா எழுதலாம். கேள்வியப் பாத்தவன் யாரு வேணா எழுதலாம்."

அடியில் கையொப்பம் இருந்தது. தமிழ்தான், சித்தப்பாவின் பெயர்தான். ஆனால் அந்த உருண்டை எழுத்து இல்லை. கோடுகள் நடுங்கி, எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருந்தன. அதற்குக் கீழே, எனக்கான இடத்தில், எழுதித் தருபவர் இப்படிச் சொல்லியிருந்தார்: "பிட்டியா, இங்கே எழுதும் முன் பேனாவைக் கக்கத்தில் வைத்துச் சூடேற்ற வேண்டும். இல்லாவிட்டால் அது நம்மோடு பேசாது, உன்னைப் போலவே." இரண்டையும் படித்தவள் நான். குளிரில் விறைத்த விரல்களுக்கும் கோணிய கையொப்பத்துக்கும் முடிச்சுப் போடும் அறிவு எனக்கில்லை. பெரியவர்களோ, அவர் வரிகளைப் படிக்கத் தொடங்கினாலே, போதும் நிறுத்து என்பார்கள்.

அப்பா பழைய கடிதங்களைக் கொண்டுவந்து மேசையில் பரப்பினார். உருப்பெருக்கிக் கண்ணாடியால் நெடுநேரம் ஒப்பிட்டார். பிறகு வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து, இடக்கையால் தம் பெயரை எழுதி, அதைக் கடிதத்தின் அருகில் வைத்தார். இரண்டும் ஒரே வகையாகக் கோணியிருந்தன.

"பாத்தியா?" என்றார் அம்மாவிடம், கணக்கில் பிழை கண்டுபிடித்தவரின் குரலில்.

பின்னால் சித்தி நின்றிருந்தார். அப்பா அத்தாளைக் கசக்கினார். ஆனால் காலம் கடந்துவிட்டது. சித்தி குளியலறைக்குள் சென்று குழாயை முழுவதுமாகத் திறந்துவிட்டார். தண்ணீர் வாளியில் விழும் ஓசை மிகுந்த நேரம் கேட்டது. மே, ஜூன் மாதங்களில் மெட்டுகுடாவில் ஒருவாளித் தண்ணீருக்கும் விலையுண்டு. அன்று எவரும் குழாயை மூடச் சொல்லவில்லை.

அதன்பின் கடிதங்கள் நின்றன.

அதற்குள் பள்ளி திறந்திருந்தது. மழை வந்தது. தொலைக்காட்சியில் சிகரங்கள் ஒவ்வொன்றாக மீட்கப்பட்டன. அப்பா கண்டோன்மென்ட்டில் இருந்த ஓர் அலுவலகத்துக்குச் சென்று கேட்டார். ஏதேனும் இருந்தால் தந்தி வரும் என்றார்கள். அதுவரை கடிதத்துக்காகக் கதவருகே நின்ற சித்தி, அதன்பின் மிதிவண்டி மணி கேட்டாலே உள்ளறைக்குப் போகலானார்.

ஜூலையின் இறுதியில் போர் முடிந்ததாக அறிவித்தார்கள். எங்கள் குடியிருப்பில் வெடி வெடித்தார்கள். எதிர்வீட்டுப் பிள்ளைகள் தேசியக் கொடியோடு ஓடினார்கள். எங்கள் வீட்டுக் கதவு மட்டும் மூடியிருந்தது. போர் முடிந்தபின்தான் உண்மையைச் சொல்வார்கள் என்று அத்தை கூறியிருந்தாரல்லவா? ஊருக்கு வெற்றி வந்த நாள் எங்களுக்கு அச்சத்தின் முதல் நாளாயிற்று. வெடியொலி கேட்கும்போதெல்லாம் சித்தி சுவரோடு ஒடுங்கினார். அத்தையே வந்து, "நக்கோம்மா, அழாத. நான் ஏதோ வாய்க்கு வந்தத சொன்னேன்," என்று கெஞ்சியும் பயனில்லை.

ஒரு நாள் பள்ளியிலிருந்து நான் திரும்பியபோது வீடு திறந்து கிடந்தது. சித்தி கூடத்தின் நடுவே அமர்ந்து, நீலத்தாளொன்றை மடியில் வைத்துக்கொண்டு, உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். தமிழில் படித்துக்கொண்டிருந்தார். தாளின் மேல் முகவரி எழுதியிருந்த விதத்தைப் பார்த்த உடனே தெரிந்துகொண்டதாக அம்மா என்னிடம் சொன்னார். சித்தப்பாவின் அதே உருண்டை எழுத்து, நாலைந்து வரிகளே. தாம் நலம். போர் முடிந்தது. இனி தாமே எழுதுவதாக இருக்கிறார். மழைக்காலம் கழிந்ததும் விடுமுறை கிடைக்கும்.

சித்தி அதை எத்தனைமுறை படித்தாரோ தெரியாது. மாலையில் அப்பா வந்ததும் மறுபடி படித்தார். அப்பா தாளை வாங்கி விளக்கடியில் பிடித்தார். பேனா சில இடங்களில் தாளைத் துளைக்கும் அளவுக்கு அழுந்தியிருந்தது. "நல்லா அழுத்தி எழுதிக்கிறான். கை நல்லாத்தான் கீது," என்றார். சட்டைப் பையில் உருப்பெருக்கி இருந்தும் எடுக்கவில்லை. அதுவரை இந்தியில் எழுதியவர் இப்போது மட்டும் ஏன் தமிழில் எழுதினார் என்று அந்த வீட்டில் ஒருவரும் அன்று கேட்கவில்லை. வேண்டாத இடங்களிலெல்லாம் ஐயுற்ற நாங்கள், வேண்டிய இடத்தில் மகிழ்ந்துவிட்டோம்.

எனக்கு மட்டும் ஒரு மனக்குறை. தமிழை எல்லோராலும் படிக்க முடியும். என் பதவி பறிபோயிற்று. தாளின் அடியில் எனக்கான வரி இருக்கிறதா என்று தேடினேன். வெறும் நீலம்தான் இருந்தது. கடைசிவரை பதில் எழுதாததால் அவர் சினந்துகொண்டார் என்று முடிவு செய்தேன்.

அப்பா கடைக்குச் சென்று சூடான ஜிலேபி வாங்கிவந்தார். எங்கள் வரிசை முழுவதற்கும் கொடுத்துவர என்னை அனுப்பினார்கள். எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மாள் தட்டை வாங்கிக்கொண்டு, "ஏமி விசேஷம் ரா?" என்று கேட்டார்.

"பாபாயி லெட்டரு தமிழ்லோ ராசாடு," என்றேன். சித்தப்பா தமிழில் கடிதம் எழுதிவிட்டார்.

தமிழர் தமிழில் கடிதம் எழுதுவது எவ்வகையில் விழாவாகும் என்று விளங்காமல், அவர் என்னையும் ஜிலேபியையும் மாறி மாறிப் பார்த்தார். ஆயினும் மகிழ்ச்சியோடு தின்றார்.

மழைக்காலம் கழிந்து சித்தப்பா வந்தார். நிலையத்தில் வண்டியிலிருந்து இறங்கியதும் அப்பா அவருடைய இரு கைகளையும் பற்றிக்கொண்டார். அது அன்பு என்று வண்டியில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். அன்புதான்; ஆனால் அப்பாவின் கட்டைவிரல், தம்பியின் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிச் சென்றதை நான் பார்த்தேன். கணக்கு சரியாக இருந்தது.

அன்று பகலுணவுக்கு அத்தையும் வந்திருந்தார். சித்தப்பா மெலிந்திருந்தார், முகத்தில் தோல் உரிந்து கறுத்திருந்தது. அம்மா பரிமாறப் பரிமாற அப்பா தம் புலனாய்வு முழுவதையும் அவருக்கு எடுத்துரைத்தார். இடக்கைக் கையொப்பத்தைச் சொன்னபோது சித்தப்பாவுக்குப் புரையேறியது.

"அண்ணா, மேல அவ்ளோ குளிரு. வெரலே மடங்காது. அதுக்குப் போயி கையே இல்லைன்னுட்டியா?"

"அப்புறம் ஏண்டா இந்தில எழுதுன?"

"ஒவ்வொரு லெட்டரையும் ஆபீசர் படிச்சுட்டுத்தான் ஒட்டுவாங்க. எங்க ஆபீசருக்குத் தமிழ் வராது. தமிழ்ல எழுதினா, அத கீழ அனுப்பி, தமிழ் தெரிஞ்சவன் ஒருத்தன் படிச்சு, அப்புறம்தான் வரும். வாரக்கணக்கா கெடக்கும். இந்தில எழுதினா அன்னிக்கே போயிரும். எனக்குப் பேசத்தான் வரும், எழுத வராது. அதான் அவன எழுதச் சொன்னேன். இதெல்லாம் லெட்டர்ல எழுதக்கூடாதுன்னு உத்தரவு."

"நான் கேட்டதுக்கு ஏன் பதில் சொல்லல?" என்றார் சித்தி, அடுக்களைக் கதவுக்குப் பின்னாலிருந்து.

"அத அவன்கிட்ட வாய்விட்டுச் சொல்லி, ஆபீசர் படிச்சு, இங்க பாப்பா எல்லாருக்கும் சத்தமாப் படிக்கணுமா?"

அத்தை சிரித்த சிரிப்பில் தண்ணீர்க் குவளை சாய்ந்தது. சித்தி அடுக்களைக்குள் மறைந்தார். அம்மா சிரித்துக்கொண்டே, "அந்த தமிழ் லெட்டர் வந்தன்னிக்குத்தான் எங்களுக்கு உசுரே வந்துச்சு. குவார்ட்டர்ஸ் பூரா ஜிலேபி குடுத்தோம்," என்றார்.

சித்தப்பாவின் கை சோற்றில் நின்றது.

மற்றவர்கள் இதைக் கவனிக்கவில்லை. அப்பாவோ தம் கணக்கில் எஞ்சியிருந்த ஒரேயொரு பிழையை அப்போதுதான் கண்டுபிடித்திருந்தார்.

"எல்லாம் சரிடா. ஒண்ணு மட்டும் இடிக்குது. ஆபீசருக்குத்தான் தமிழ் வராதே. கடைசி லெட்டர் மட்டும் ஏன் தமிழ்ல எழுதுன?"

"எழுதித் தர ஆள் இல்லண்ணா," என்றார் சித்தப்பா.

அம்மா கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்துவிட்டார். எந்தப் பேச்சுக்கும் ஓர் 'ஆனா' வைத்திருக்கும் அத்தை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா, தாம் கேட்டதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள முடியுமா என்று பார்ப்பவர்போலத் தம்பியின் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தியில் எழுதித் தந்த நண்பர் அந்த மலையிலேயே மாண்டுவிட்டார். அவர் உடலை ஊருக்கு அனுப்பிவிட்டு வந்து சித்தப்பா எழுதிய முதற்கடிதத்துக்குத்தான் நாங்கள் இனிப்பு வழங்கியிருந்தோம். அந்த அறையில் இருந்தவர்களுள் இதை விளங்கிக்கொள்ளாதவள் நான் ஒருத்தியே.

"அந்த மாமா எங்க போய்ட்டாரு சித்தப்பா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். "வீட்டுக்குப் போய்ட்டாரும்மா."

"எந்த ஊரு?"

"உ.பி.ல, பல்லியாங்கிற ஊரு பக்கத்துல ஒரு கிராமம்."

"அவங்க வீட்ல பாப்பா இருக்குதா?"

"இருக்குது. உன்னவிடச் சின்னது. இப்பத்தான் எழுத்துக்கூட்டிப் படிக்குது."

எனக்கு அவர்மேல் இருந்த சினம் தணிந்துவிட்டது. வீட்டுக்குப் புறப்படும் அவசரத்தில் எனக்கு எழுத மறந்திருப்பார். ரயில்வே ஊழியரின் மகளான எனக்கு, ஒருவர் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போவது என்றால் வண்டியும் இருக்கையுமே நினைவுக்கு வரும்.

"லீவு முடிஞ்சு போறப்ப நம்ம ஊரு வழியா வரச் சொல்லுங்க. நம்ம வீட்ல தங்கிட்டுப் போகட்டும். அப்பா பெர்த் வாங்கித் தருவாரு."

அப்பா தம் பணிக்காலத்தில் எவருக்காகவும் இருக்கை கேட்டு ஒரு சொல் சொன்னவரல்லர். உறவினர் பலர் இதனால் அவரோடு பேச்சை நிறுத்தியிருந்தனர். விதிக்கு மாறானது என்று என்னைக் கடிந்துகொள்வார் என எதிர்பார்த்தேன்.

"வாங்கித் தரேம்மா," என்றார் அப்பா.

ஒரு கோடைக்காலம் முழுவதும் ஐயுறுவதையே கற்றிருந்தும், அந்தச் சொல்லை நான் ஐயுறவில்லை. மறுநாள் பள்ளியில் என் தோழியிடம், எங்கள் வீட்டுக்கு ஒரு பட்டாளத்து மாமா வரப்போகிறார், எழுத்து சுமாராகத்தான் இருக்கும், ஆனால் வேடிக்கையாகப் பேசுவார் என்று சொன்னேன்.

எப்போது வருவார் என்று அவள் கேட்டாள்.

விடுமுறை முடிந்ததும் என்றேன்.